ஆண்டவருக்குக் கொடுத்த அறையில் என் அம்மா

சபையாருக்கும் இதை வாசிக்கிற எல்லாருக்கும் தோத்திரம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். அதனால் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாக, பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் முடிந்த மறுநாள் காலையில், ராஜபாளையத்தில் என் தறி ஷெட்டில் தரையில் ரத்தம் கிடந்தது. கதவிலிருந்து நான் நின்ற இடம் வரைக்கும் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. யாருக்கு அடிபட்டது என்று சத்தம் போட்டேன். தறி ஓட்டுகிற பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி, "அண்ணாச்சி, ஒங்க கால்லருந்துதான் வருது" என்றாள். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி என் வலது குதிகாலில் ஏறியிருந்தது. எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாகச் சர்க்கரை. இரண்டு பாதமும் மரத்துப் போய்விட்டன.

ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது என் தங்கச்சி செண்பகம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தாள். அம்மா விழுந்துவிட்டாள், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றாள்.

"சரி" என்றேன்.

"என்னது, சரியா? வாரியா இல்லையா?"

"வாரேன்."

போனை வைத்துவிட்டு, என் தறியில் ஓடிய துணியையே கிழித்துக் காலில் சுற்றினேன். அன்றைக்கு அனுப்ப வேண்டிய துணிப் பேல்களை வண்டியில் ஏற்றிவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் என்னை நானே பார்த்துக்கொண்டு போனேன். கால் வலிக்கவில்லை. மற்றதும் வலிக்கவில்லை. இந்தச் சாட்சி அந்த வலிக்காததைப் பற்றியதுதான்.

நான் யார் என்று ராஜபாளையத்தில் கேட்டால் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவன். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு கூட்டியவன். இன்றைக்குப் பதினெட்டுத் தறி ஓடுகிறது. எல்லாம் பேண்டேஜ் துணி. உங்களில் யாருக்காவது ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தால், அது என் தறியில் ஓடிய துணியாகவும் இருக்கலாம். எனக்கு யாரும் ஏணி பிடிக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வீட்டில் வைத்த பெயர் முத்தையா. முப்பது வயதில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு, ஞானஸ்நானம் எடுத்து, ஆபிரகாம் ஆனேன். என் குடும்பத்தில் நான் ஒருவன்தான் வந்தேன். அம்மா இன்றுவரை ஆண்டாளை விடவில்லை.

இடையில் ஒரு வருஷம் ஆர்டர் இல்லாமல் தறி அத்தனையும் நின்றுபோனது. மாதக்கணக்கில் ஷெட்டில் சத்தமே இல்லை. தறிச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அப்போது அந்த ஷெட்டிலேயே முழங்கால் போட்டு ஒரு பொருத்தனை பண்ணினேன். ஆண்டவரே, இந்தத் தறிகள் திரும்ப ஓடினால், நான் கட்டப்போகிற வீட்டில் முதல் அறை உமக்கு, அதில் உம்முடைய ஊழியக்காரர்களைத் தவிர யாரும் படுக்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

தறி ஓடியது. வீடு கட்டினேன். வேதத்தில் சூனேம் ஊர் அம்மாள் எலிசா தீர்க்கதரிசிக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தாள் அல்லவா, அதே மாதிரி கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு எல்லாம் வைத்தேன். அவள் மாடியில் கட்டினாள். நான் வயதான ஊழியக்காரர்கள் படி ஏறக் கூடாது என்று கீழே கட்டினேன். அவள் வைக்காத ஏசியும் வைத்தேன். சுடுதண்ணீர் மெஷின், உட்கார்ந்து போகிற கக்கூஸ், எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. வாசல் நிலைக்கு மேலே 'கர்த்தருடையது' என்று கருங்கல்லில் வெட்டிப் பதித்தேன். நாங்கள் மாடியில் இருக்கிறோம். கீழே அந்த அறையும் துணி அடுக்கி வைக்கிற கிட்டங்கியும்தான். மதுரைக்குத் தெற்கே இப்படி ஓர் ஊழியக்காரர் அறை கிடையாது என்று, வந்து தங்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. எண்பது தாண்டிய உடம்பு. உயிருக்குப் பயமில்லை, ஆனால் நடக்க நாளாகும், நடக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். செண்பகம் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகிறது. பால்கோவா போடுகிற ஒரு வீட்டில் பால் கிண்டுகிற வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் அடுப்பு முன்னால் போய் நின்றால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வீடு திரும்புவாள். வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. கக்கூஸ் பின்னால், இரண்டு படி இறங்கிப் போக வேண்டும்.

"அண்ணே, ஒங்க வீட்டுல கீழ ஒரு ரூம்பு இருக்குல்லா. அம்மாவ அங்க கூட்டிட்டுப் போயேன்."

"அது என்னோடதில்ல. ஆண்டவருக்குக் குடுத்தாச்சு."

"குடுத்தா என்ன, அவரு அங்கயா படுத்திருக்காரு?"

"நெனச்சா குடுக்கதுக்கும் நெனச்சா வாங்கதுக்கும் அதென்ன கைமாத்தா? பொருத்தனை, செண்பகம். வேணும்னா மாடியில வச்சுப் பாத்துக்கிடுதேன்."

"மாடிக்கு இருபத்திரண்டு படி. இடுப்பு ஒடிஞ்சவள எப்படிண்ணே ஏத்துவ, பேல் தூக்குற மாதிரியா?"

"தேர் பாக்கப் போகாட்டி விழுந்திருப்பாளா?" என்றேன்.

செண்பகம் சொன்னாள்: "தேர் பாக்கப் போகல. எந்திரிச்சு நிக்க முடியலன்னு வீட்டுலயே இருந்து கொட்டுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டா. மறுநாக் காலைல கக்கூஸ் படியில விழுந்தா." பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்: "ஏன்ணே, ஒங்க சாமி பாத்ரூம் போவாரா? அவருக்கு எதுக்கு கம்பி?"

அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வேலையாள் வைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆளும் வைத்தேன். அவள் பத்து நாள் வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் தேடவும் இல்லை.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். பெற்ற தாயே கேட்டாலும் ஆண்டவருக்கு வைத்ததில் கை வைக்க மாட்டேன் என்றேன். அம்மா கேட்கவே இல்லை, கேட்டது தங்கச்சி. ஆனாலும் அப்படிச் சொன்னால் எடுப்பாக இருந்தது. சபை முழுதும் ஆமென் சொன்னது. என்னைப்போல் விசுவாசத்தில் உறுதியான ஆள் நம் சபையில் கிடையாது என்று ஒருவர் வாசலில் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பிடித்த கை யாருடைய கையோ போல இருந்தது.

அதற்கடுத்த இரண்டு மாதமும் அப்படித்தான் போனது. சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. ஜெபக்கூட்டத்தில் முதலில் வாய் திறப்பவன் நான்தான். வாய் ஓடியது, உள்ளே ஒன்றும் ஓடவில்லை. குதிகால் புண் ஆறவில்லை, சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டேன். ஆறிவிட்டதா என்று என் மனைவி எஸ்தர் கேட்டபோது ஆறிவிட்டது என்றேன். அவளும் அம்மாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஒரே ஒரு தடவை, சாப்பாடு போட்டுக்கொண்டே, "அத்தை இப்ப எப்படிப் படுத்திருக்காங்களோ" என்றாள். ரசம் ஊற்று என்றேன்.

ஒரு மத்தியானம் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். அம்மாவை எழுந்து நடக்கவையும் என்று ஆரம்பித்தேன். அவள் நடந்துவிட்டால் எனக்குத் தொந்தரவு இல்லை என்பதற்காகத்தான் கேட்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. நிறுத்திவிட்டேன். பிறகு ஒன்றே ஒன்று சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் வலிக்க மாட்டேங்குது. வலியத் தாரும்." என் ஆயுசில் நான் அலங்காரம் இல்லாமல் பண்ணிய ஜெபம் அது ஒன்றுதான்.

புரட்டாசியில் எங்கள் சபையில் மூன்று நாள் கூட்டம் வைத்தோம். பேசுவதற்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு பாஸ்டரை அழைத்திருந்தோம். சாமுவேல் என்று பெயர், நாற்பது வயதுகூட இருக்காது. கார் வந்து நின்றது. அவர் இறங்கி, பின்னால் போய், மடக்கிய சக்கர நாற்காலியை எடுத்து விரித்தார். பிறகு காருக்குள் குனிந்து ஓர் அம்மாளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி அதில் உட்கார வைத்தார்.

"எங்கம்மா, அண்ணாச்சி. ஒரு பக்கம் கை கால் வராது. நான் எங்க கூட்டத்துக்குப் போனாலும் அவியளும் வருவாவ. ஒங்க சபைச் செயலாளர்ட்ட அன்னைக்கே சொல்லிட்டேன, ஒங்ககிட்ட சொல்லலையோ?"

சொல்லவில்லை. சொன்னாலும் நான் என்ன செய்திருப்பேன். ஊழியக்காரரின் தாயார். உள்ளே கூட்டிப்போனேன். கட்டிலில் அந்த அம்மாளைப் படுக்க வைத்தார். ஏசியைக் குறைத்தேன். எஸ்தர் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். பாஸ்டர் கூட்ட ஏற்பாடு பார்க்க வெளியே போனபோது அந்த அம்மாள், "ஐயா, செத்த என்னக் கூட்டிட்டுப் போறியளா" என்று கக்கூஸ் பக்கம் கண்ணைக் காட்டினாள். எஸ்தர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக் கூட்டிப்போனோம். அவள் சுவரில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "யாரு வச்சாவளோ, நல்லா இருக்கட்டும்" என்றாள். நான்தான் வைத்தேன் என்று சொன்னேன்.

திரும்ப வந்து படுத்ததும் கேட்டாள்.

"ஒங்க அம்மா இருக்காவளா, ஐயா?"

"இருக்காங்க."

"எங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல. தங்கச்சி வீட்டுல. இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்காங்க."

"பஸ்ஸுல எம்புட்டு நேரம்?"

"அரை மணி நேரம்."

"அப்ப பக்கந்தான. இங்க கூட்டிட்டு வந்துருங்களேன். கட்டில் பெருசாத்தான கெடக்கு. எனக்கும் பேச ஆள் வேணும்லா. இவன் கூட்டத்துக்குப் போனா நான் சொவரையில்லா பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

அவளுக்குப் பொருத்தனை தெரியாது. கல்லில் வெட்டியிருந்தது தெரியாது, கண் மங்கல். என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. இடம் இருக்கிறது, கூட்டி வா என்கிறாள், அவ்வளவுதான். நான் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு வெளியே வந்து கிட்டங்கியில் பேல் மேல் உட்கார்ந்தேன்.

அப்போது வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்தேன். போகவில்லை.

எஸ்தரிடம் என் வேதபுத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் எது எங்கே இருக்கிறதென்று தெரியும். பெற்றவர்களுக்குச் சேர வேண்டியதை, இது ஆண்டவருக்குக் காணிக்கையாகப் போய்விட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களை இயேசு கடிந்துகொண்ட இடத்தை எடுத்தேன். அந்தப் பகுதியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. போட்டது நான்தான். தாய் தகப்பனைப் பார்க்காத பையன்களைக் கண்டித்து முன்பு ஒரு தடவை வாலிபர் கூட்டத்தில் பேசியிருந்தேன், அதற்காகப் போட்ட கோடு. நன்றாகப் பேசினேன் என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள்.

அன்று மத்தியானமே டிரைவரைக் கூப்பிட்டு லோடு வண்டியை எடுத்தேன். தரையில் பேண்டேஜ் துணிச் சுருள்களைப் பரப்பி, மேலே மெத்தை போட்டுக்கொண்டு போனேன். அடி தெரியாமல் இருக்க அதைவிட மெத்தென்று ஒன்றும் கிடையாது.

செண்பகம் வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன். அம்மா பாயில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக் கிடந்தாள். அடியில் நனைந்திருந்தது. எப்போது நனைந்ததோ. ஈரம் பாதி காய்ந்து விளிம்பு கட்டியிருந்தது.

"செண்பகமா?"

"நான்தாம்மா."

"முத்துவா? நீ எதுக்குலே வந்த. அவ மூணு மணிக்கு வந்துருவா."

தண்ணீர் எடுத்து வந்து துடைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். வேறு சேலை சுற்றிவிட்டு, "கெளம்பும்மா, நம்ம வீட்டுக்குப் போவோம். கீழ் ரூம்புக்கு" என்றேன்.

நான் எதிர்பார்த்தது வேறு. ஒரு திட்டு, ஓர் அழுகை. அம்மா முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அது ஒங்க சாமி ரூம்புல்லா? நேந்து குடுத்ததுன்னு செண்பகம் சொன்னா. சாமிக்குக் குடுத்தத மனுசங்க அனுபவிக்கப்படாதுய்யா. நான் வரல. ஒனக்கு ஏதும் ஆயிட்டா?"

இரண்டு மாதம். ஈரப் பாயில் படுத்துக்கொண்டு அவள் என்னைத் திட்டவில்லை. என் ஆண்டவருக்கு நான் கொடுத்த வாக்குக்குக் குறை வந்துவிடக் கூடாது என்று என்னைவிட அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நானோ அவளை விக்கிரகத்தைக் கும்பிடுகிறவள், அந்த அறைக்கு ஆகாதவள் என்று உள்ளுக்குள் வைத்திருந்தேன். அதையும் இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அவருதாம்மா கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றேன்.

"யாரு, ஒங்க ஏசுவா?"

"ஆமா."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்பச் சரி. அவரே சொல்லிட்டாருன்னா நாம என்ன சொல்ல. செவுத்துல எம்படம் இருக்கு பாரு, அத எடுத்துக்க. கண்ணாடி ஒடையாம."

ஆண்டாள் படம். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஆணியிலிருந்து கழற்றி, துணிச் சுருளில் பத்திரமாகச் சுற்றி, அவள் கையில் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, செண்பகம் வந்தால் சொல்லச் சொன்னேன். வண்டியில் படுத்துக்கொண்டு அடியிலிருந்த துணியைத் தடவிப் பார்த்தாள். "நம்ம தறி துணியா?" என்றாள். நம்ம தறி என்றாள். கிருஷ்ணன்கோவில் பக்கம் போகும் காலேஜ் பஸ்கள் எதிரே ஒவ்வொன்றாக ஆரன் அடித்துக்கொண்டு போயின. எனக்கு முன்னால் ரோடு சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன்.

அந்தக் கட்டிலில் இரண்டு அம்மாக்களும் இரண்டு நாள் படுத்திருந்தார்கள். ஒருத்திக்கு இடது பக்கம் வராது, ஒருத்திக்கு இடுப்பு வராது. "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறும்" என்று பாஸ்டரின் அம்மா சொல்ல, என் அம்மா சிரித்தது மாடிக்குக் கேட்டது. பாஸ்டர் தரையில் பாய் விரித்துப் படுத்தார். மேஜையில் அவர் வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில் அம்மா தன் மஞ்சள் பையை வைத்திருந்தாள். உள்ளே படம் இருப்பது அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது என்னிடம், "நல்ல ரூம்பு அண்ணாச்சி, இப்பத்தான் இதுல ஆள் இருக்கு" என்றார்.

இப்போது பங்குனி. அம்மா இன்னும் தனியாக எழுந்து நடக்கவில்லை. எங்கள் கையையும் கம்பியையும் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை போகிறாள். அவள் ரட்சிக்கப்பட்டாளா என்று கேட்பீர்கள். இல்லை. காலையில் நான் ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். முடிந்ததும் பையிலிருந்து படத்தை எடுத்துக் கும்பிடுவாள். அவளுக்காக நான் ஜெபிக்கிறதை விடவில்லை, எனக்காக அவள் வேண்டிக்கொள்கிறதையும் அவள் விடவில்லை. சபையில் இரண்டு பேர், அந்தப் படம் இருக்கிறது என்று, அந்த அறைக்குள் இப்போது வருவதில்லை. நானும் ஒரு காலத்தில் வந்திருக்க மாட்டேன், அதனால் அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இங்கே வருகிற ஊழியக்காரர்களுக்கு மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறேன். ஏறிவருகிறார்கள்.

அந்தக் கருங்கல்லைப் பெயர்த்துவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். எஸ்தர்தான் தடுத்தாள். "எதுக்குப் பேத்து எடுக்கீங்க? இப்ப மட்டும் யாருக்குச் செய்யுதோம்?" என்றாள். பத்தாம் வகுப்பு படித்தவள் அவள். கல் அங்கேயே இருக்கிறது.

வலியைத் தாரும் என்று கேட்டேன். தந்தார். அதற்குத்தான் இந்தத் தோத்திரம். ஆண்டவருக்கு என்று நீங்களும் எதையாவது பூட்டி வைத்திருந்தால், ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பெற்றவர்கள் முன்னால் நில்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்று கட்டளை கொடுத்தவரே அவர்தானே. என்னை மாதிரி வீம்பு பிடித்தவனுக்கே செய்தவர் உங்களுக்குச் செய்ய மாட்டாரா.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அம்மா வந்த நாலாம் நாள், அவள் கட்டிலுக்குக் கீழே கிடந்த செம்பை எடுக்கக் குனிந்தேன். படுத்திருக்கிறவள் கண்ணுக்கு என் கால்தான் நேராகத் தெரியும்.

"ஏலே, சாக்ஸக் கழத்து."

"ஒண்ணுமில்லம்மா."

"கழத்துங்கேன்."

கழற்றினேன். எஸ்தருக்கும் தெரியாமல் இரண்டு மாதம் மறைத்த புண். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "வலிக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். "எனக்கு வலிக்குதுல்லா" என்றாள். மறுநாளே டாக்டரிடம் போனேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். இப்போது ஆறிவிட்டது. பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அதனால் தினமும் சாயங்காலம் யாராவது பார்க்க வேண்டும் என்பது டாக்டர் சொல்.

எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். கீழே அம்மா கூப்பிடுகிறாள். போய்க் காலைக் காட்ட வேண்டும்.